கொண்டி எந்தப் பக்கம்?

என் தம்பியின் பெண்சாதி எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று, கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஒவ்வோர் அறையாகப் போனாள். வீட்டைப் பார்க்கிறாளாக்கும் என்று நானும் பின்னால் போனேன். கல்லடியில் வாவியைப் பார்த்த வீடு அது. சுவிசில் இருக்கும் என் மகள், பழைய வீட்டை இடித்து, மாபிள் பதித்து, குளியலறைக்குள் சுடுதண்ணீர் வரும்படி செய்து கட்டிய வீடு. வருகிறவர்கள் மாபிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனதில்லை. இவள் மாபிளைப் பார்க்கவில்லை. கதவுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு கதவையும் ஆட்டி, கொண்டியைப் போட்டுக் கழற்றி, கடைசியில் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"மச்சாள், இந்த வீட்டில கொண்டி எல்லாம் எந்தப் பக்கம்? உள்ளயா, வெளியிலயா?"

"உள்ளதான் கா. வெளியில கொண்டி போட்டு ஆரை அடைக்கிற?"

"அப்ப சரி," என்றாள். அதன் பிறகுதான் பையை வைத்தாள்.

அவள் ஆரையம்பதிக்காரி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். தம்பியும் அப்படித்தான் போனான். அவன் நெஞ்சுவலியில் கண்ணை மூடிய பிறகு, பிள்ளையில்லாத இவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போகும்போது தன் வீட்டைத் தங்கையின் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டாள். பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது, தான் பிறந்த வீட்டிலேயே அவள் விருந்தாளி. எத்தனை நாளைக்கு ஒருத்தி விருந்தாளியாக இருப்பாள்? வா என்று நான்தான் கூப்பிட்டேன். "மச்சாள் தனிய இருக்கப் பயப்படுறாவாம், துணைக்கு வரட்டாம்" என்று அவள் ஊருக்குச் சொல்லிவிட்டு வந்தாள். பயம் என்ற ஒன்று எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்தாலும் நான் மறுத்துச் சொல்லவில்லை. அவளுக்கும் ஒரு மரியாதை வேண்டும்தானே.

குவைத்தைப் பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள். அங்கே வீட்டுக்காரர்கள் வெளியே போனால் இவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். கடைக்குப் போனாலும் பூட்டு, ஊர்ப்பயணம் போனாலும் பூட்டு.

"கெட்ட சனமில்ல மச்சாள். சாப்பாடு தந்தவங்க, உடுப்புத் தந்தவங்க. சாவிய மட்டும் தரல்ல," என்பாள். அதற்கு மேல் கேட்டால், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவாள். போய்ப் பார்த்தால் அடுப்பில் ஒன்றும் இருக்காது.

கதவு சாத்தியிருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. சோற்றைப் பிசைந்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். மழைச்சாரல் உள்ளே அடித்தாலும் முன்கதவு ஒரு சாணாவது திறந்திருக்க வேண்டும். அறையில் கட்டில் இருக்க, வாசலுக்கு நேரே பாயைப் போட்டுத்தான் படுப்பாள். பஸ்ஸில் ஏறினால் மிதிபலகைக்கு மேலே ஓர் அடிகூட எடுத்து வைக்கமாட்டாள். ஒருமுறை குருக்கள்மடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம். கொண்டக்டர் பொடியன் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அம்மா, உள்ளுக்குப் போங்க. உள்ள சீற் கிடக்கு."

"உள்ள கிடக்கிற சீற்றில நீ போய்க் குந்து மகன். நான் இஞ்ச நிக்கிறன்."

"விழுந்தா ஆர் பொறுப்பு?"

"விழுந்தா வெளியிலதானே விழுவன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பகிடிக்குச் சொல்லவில்லை.

அந்தக் கல்யாண வீட்டிலும் அவள் மண்டபத்துக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றாள். வாசலில் நிற்பவள் வரவேற்க நிற்கிறாள் என்று நினைத்து யாரோ அவள் கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டார்கள். அவளும் வந்தவர்களுக்கெல்லாம் தெளித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை பகுதியார் அவளைப் பெண் பகுதியாள் என்று நினைத்தார்கள். பெண் பகுதியார் மாப்பிள்ளை பகுதியாள் என்று நினைத்தார்கள். திரும்பி வரும்போது, "நல்ல கலியாணம் மச்சாள்," என்றாள். தாலி கட்டியதை அவள் கண்ணால் காணவில்லை.

இப்போது அவள் இல்லை. மாரி தொடங்கிய ஒரு நாள் விறாந்தையில் இருந்தபடியே போய்விட்டாள். சவப்பெட்டி மூடியைக் கொண்டுவந்து வைத்தவர்களை நான் தள்ளி நிற்கச் சொன்னேன். "மூடாமக் கொண்டு போங்க," என்றேன். மழை தூறுகிறது, சரிவராது என்றார் ஒரு பெரியவர். குடை பிடித்துக்கொண்டு போகட்டும் என்றேன். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் புதைக்கிறவர்கள். இவளை எரிக்கத்தான் வேண்டும் என்று நின்றேன். விறகு நனைந்து கிடக்கிறது, ஏன் இந்தக் கரைச்சல் என்று கேட்டவர்களுக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. நான் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

இருந்த காலத்தில் குளிப்பதும் அவளுக்குக் கதவைத் திறந்து வைத்துத்தான். கிணற்றடியில் குளிப்பதுபோலக் குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு, மாபிள் பதித்த குளியலறையில், கதவு ஒரு சாண் திறந்திருக்கக் குளிப்பாள். யாரும் தவறி வந்துவிடக்கூடாதே என்று குளித்து முடியும்வரை வாய் ஓயாது. மீன் விலை, பக்கத்து வீட்டு நாய், தங்கையின் மருமகன் என்று எல்லாம் வரும். கரண்ட் மீற்றர் பார்க்க வருகிற பொடியன் ஒருநாள் பின்பக்கமாக வந்துவிட்டான்.

"ஆரது? நான் குளிக்கிறன். வந்த வேலையப் பார், கண்ணை அங்கால வை!"

அவன் அதற்குப் பிறகு ரோட்டில் நின்றே, "அம்மா, வரலாமா?" என்று கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான்.

அந்தக் குளியலறையில்தான் காஸ் ஹீற்றர் இருந்தது. கரண்ட் அடிக்கடி போகிறதென்று மகள் காஸில் எரிகிறதாகப் பார்த்துப் பொருத்தியிருந்தாள். சிலிண்டர் பின்சுவருக்கு வெளியே. அங்கிருந்து குழாய் உள்ளே வரும். ஹீற்றர் பெட்டிக்குள் ஒரு சின்ன நெருப்பு எந்நேரமும் நீலமாக எரிந்துகொண்டிருக்கும். தண்ணீரைத் திறந்தால் அந்தச் சின்ன நெருப்பிலிருந்து பெரிய நெருப்புப் பற்றும். சின்னது அணைந்தால் பெரியது வராது. பச்சைத்தண்ணீர்தான். பெட்டியில் எழுதி ஒட்டியிருந்தது இங்கிலீசு. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். மகள் ரெலிபோனில் சொல்லச் சொல்லத்தான் நான் அதை ஏற்றப் பழகினேன். திருகை அமத்திப் பிடிக்க வேண்டும், பொறி தட்ட வேண்டும், நெருப்புப் பிடித்ததும் விட்டுவிடக்கூடாது, கொஞ்ச நேரம் அமத்தியபடியே நிற்க வேண்டும். அவசரப்பட்டு விட்டால் அணைந்துவிடும்.

இவளுக்கு அது பழக்கம். குவைத்தில் அப்படியொன்று இருந்ததாம்.

"எவ்வளவு நேரம் கா அமத்திப் பிடிக்கிற?" என்று கேட்டேன்.

"ஒரு ஆளப் பத்திக் குறை சொல்லி முடிக்கிற நேரம் மச்சாள்," என்றாள். திருகை அமத்திக்கொண்டு தங்கையின் மருமகனைத் தொடங்குவாள். முடித்துக் கையை எடுப்பாள். நெருப்பு நிற்கும்.

ஒரு மாரிக்கு அந்த நெருப்பு நிற்க மறுத்தது. ஏற்றினால் எரியும், கையை எடுத்தால் போய்விடும். தங்கையின் மருமகனை முடித்து, மருமகனின் தாயையும் தொடங்கிப் பார்த்தாள். பயனில்லை. மகள் லீவில் வருவதற்கு நாள் கிட்டிவிட்டது. குளிருக்குச் சுடுதண்ணீர் இல்லாமல் அவளுக்கு ஆகாது. காத்தான்குடியிலிருந்து காஸ் வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் பெட்டியைக் கழற்றி, நெருப்பு வருகிற சின்னத் துவாரத்தைக் காட்டினார். குளவி மண் வைத்திருந்தது. மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தார். நெருப்பின் சூட்டை அறிகிற செம்புக் கம்பி ஒன்று கரி பிடித்திருந்தது, அதையும் துடைத்தார். ஏற்றினார், நின்றது. நாங்கள் தேத்தண்ணீர் கொடுத்து, அவர் அதைக் குடித்து முடிக்கும் முன்னே மறுபடியும் அணைந்தது.

அவர் ஒரு விரலை நனைத்து மேலே பிடித்துப் பார்த்தார்.

"இஞ்ச பாருங்கம்மா. வாவிக் காத்து மேல இருக்கிற அந்த ஓட்டையால வந்து இந்தக் கதவால போகுது. நடுவில நெருப்பு நிண்டா எப்படி எரியும்? கதவைச் சாத்தி வையுங்க, நிக்கும்."

அவர் போன பிறகு இவள் குளியலறைக் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கதவு சாத்துற கதை வேண்டாம் மச்சாள். காத்து வாறதுக்கு ஒரு வழி, போறதுக்கு ஒரு வழி. ஒண்டை அடைச்சாக் காணும்தானே? மற்றதை அடைப்பம்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கோயிலுக்கு விளக்கெடுத்துக்கொண்டு போகும்போது சீலைத்தலைப்பால் காற்றை மறைத்துத்தானே போகிறோம். காற்றுப் படாமல் காத்தால் நெருப்பு நிற்கும் என்பது சின்ன வயதிலிருந்தே கையில் ஊறியது. நான் ஸ்டூலைப் பிடித்தேன். அவள் ஏறி, கூரைக்குக் கீழே காற்றுக்கு விட்டிருந்த ஓட்டைகளில் பழைய சீலையைத் திணித்து, அதற்கு மேலே உரப்பையை மடித்து இறுக்கினாள். இறங்கி ஏற்றினாள். நெருப்பு அசையாமல் நின்றது. அவள் கதவு திறந்திருக்கவே குளித்தாள், நானும் அவளைப் பார்த்து அப்படியே பழகியிருந்தேன். ஒரு குறையும் வரவில்லை. அந்தக் கதவை ஒருத்தி பூட்டிக்கொண்டு குளிப்பாள் என்ற நினைவே எங்கள் இருவருக்கும் இல்லாமல் போயிருந்தது.

மகள் வந்தாள். வந்த அன்று பின்னேரமே விறாந்தையில் நின்று கேட்டாள்.

"அம்மா, இது வீடா, பஸ் ஸ்ராண்டா? எல்லாக் கதவும் ஆவெண்டு கிடக்கு."

"மாமிக்கு மூடினாச் சரிவராது மகள்."

"மாமிய ஒரு டொக்டரிட்டக் காட்டணும். இல்லாட்டி அவட தங்கச்சி மகள்ற வீட்டில போய் இருக்கட்டும். கள்ளன் வந்து உங்களை வெட்டிப்போட்டா நான் அங்க இருந்துகொண்டு என்ன செய்யிற?"

குசினிக்குக் கேட்கும் என்று தெரிந்துதான் சொன்னாள் என்று நினைக்கிறேன். அந்த வளவும் வீடும் நான் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. கொடுத்த வீட்டில் நின்று குரலை உயர்த்துகிற ஆள் நான் இல்லை. என் வாய்க்கும் அன்று ஒரு கொண்டி விழுந்தது. ஜன்னல்களில் மகள் போட்டிருந்த இரும்புக் கம்பிகளை அதுவரை அழகென்றுதான் நினைத்திருந்தேன்.

இவள் தேத்தண்ணீரோடு வந்தாள்.

"நாளையில இருந்து எல்லாம் சாத்துறன் மகள்," என்றாள். தங்கையின் மகள் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையை வைத்துவிட்டு முன்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

சொன்னபடி மறுநாள் காலையில் எல்லாவற்றையும் சாத்தினாள். சாத்திவிட்டு விறாந்தைப் படியில் போய் இருந்தாள். மழை முதுகில் அடித்தது.

"உள்ள வா கா, நனையாம."

"இஞ்ச நல்ல காத்து மச்சாள்."

அவள் முகத்தைப் பார்த்தேன். முன்கதவு சாத்தியிருக்கிற வீட்டுக்குள் வருவதைவிட மழை அவளுக்குப் பெரிதில்லை. தலையைத் துடைக்க ஒரு துவாயைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் குளியலறைக் கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. மகள் தலைமுழுகப் போயிருக்கிறாள். தண்ணீர் ஓடத் தொடங்கியது. படியில் இருந்தவள் ஈரச்சீலையோடு உள்ளே ஓடிவந்தாள்.

"மகள், கதவை ஒரு சாண் திற."

"மாமி, நான் குளிக்கிறன்!"

"தெரியும். ஒரு சாண் திறந்துபோட்டுக் குளி. நான் காவலுக்கு நிக்கிறன்."

"ஐயோ அம்மா, இவவ அங்கால கூட்டிக்கொண்டு போங்க!"

நான் குசினியிலிருந்து வந்து, "விடு கா. அவள் என்ன சின்னப்பிள்ளையா?" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மச்சாள், மேல அடைச்சுக் கிடக்கு."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் நானும் கத்தினேன். "மகள், மேல ஒரு சீலை கிடக்கு, அதைப் பிடிச்சு இழு! இல்லாட்டிக் கதவைத் திற!"

"என்ன சீலை? தண்ணிச் சத்தத்தில ஒண்டும் விளங்கல்ல. மாமிட பைத்தியம் உங்களுக்கும் தொத்திட்டா?"

இவள் விடவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டும்போதெல்லாம் மகள் ஏசினாள். பைத்தியம் என்றாள், நாட்டுப்புறம் என்றாள், இன்றைக்கே பையைக் கட்டச் சொல்லுங்கள் என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இவளோ அதைக் கேட்டுக் கேட்டுத் தலையை ஆட்டினாள். பிறகு ஏச்சு மெதுவாகியது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. "மாமி... தலை... நீங்க..." என்று ஏதோ வந்தது. அடுத்த தட்டலுக்கு ஒன்றும் வரவில்லை.

இவள் பின்பக்கம் ஓடி மழைக்குள் சிலிண்டர் திருகை மூடிவிட்டு வந்து கதவில் காதை வைத்தாள்.

"இப்ப பச்சத்தண்ணி வரும். குளிர்ந்தாக் கத்துவாள் மச்சாள். கத்தினாப் பயமில்ல."

நானும் கதவில் காதை வைத்தேன். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. இந்த மாரிக் குளிரில் பச்சைத்தண்ணீர் தலையில் விழ, என் பிள்ளை வாய் திறக்கவில்லை.

குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கு பின்கதவுக்குப் பக்கத்தில் கிடந்தது. எனக்கு அது கண்ணில் படவில்லை. அவள் எடுத்துவந்து, கொண்டி இருக்கிற இடம் பார்த்து நுனியை ஏற்றி ஒரு நெம்பு நெம்பினாள். மரம் பிளந்தது. உள்ளே மகள் சுவரோடு சரிந்து கிடந்தாள். முகம் சிவந்திருந்தது. அவளைத் தூக்க என் கையில் பலமில்லை. இவள் மகளின் கக்கத்துக்குள் கையைக் கொடுத்து இழுத்து, பாதி திறந்திருந்த முன்கதவைக் காலால் உதைத்து அகலத் திறந்து விறாந்தைக்குக் கொண்டுவந்தாள். என் சீலையைக் கழற்றிப் போர்த்தினேன். காற்று அடித்தது. மகள் முனகினாள், சத்தி எடுத்தாள், கண்ணைத் திறந்து திரும்ப மூடினாள்.

பக்கத்து வீட்டு ஓட்டோவில் பாலத்தைக் கடக்கும்போது இவள் மகளின் கன்னத்தைத் தட்டித் தட்டி, "பறை மகள், ஏதாவது பறை, பேச்சை விடாத," என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் வாய்க்கு மூடி போட்டு ஒட்சிசன் கொடுத்தார்கள். என்ன நடந்தது என்று டொக்டர் பிள்ளை கேட்டபோது நான் வாயைத் திறக்கும் முன் இவள் முன்னால் போய் நின்றாள்.

"ஓட்டையை அடைச்சது நான்தான் டொக்டர். வேற ஒருத்தருமில்ல."

"காத்துப் போக்குவரத்து இல்லாம காஸ் எரிஞ்சா நஞ்சு வரும் அம்மா. அதுக்கு மணமும் இல்ல, நிறமும் இல்ல. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ஒண்டும் செய்ய ஏலாமப் போயிருக்கும்," என்று அந்தப் பிள்ளை சொன்னது. இவள் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றாள்.

பின்னேரம் மகளின் முகத்திலிருந்து மூடியை எடுத்தார்கள். நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன். இவள் வார்ட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. தாதி இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மகள் தலையைத் திருப்பி அவளைத் தேடினாள்.

"மாமி, நான் உங்களைக் கண்டபடி ஏசிப்போட்டன்."

"ஓம். நல்லாத்தான் ஏசினாய்."

"நான் ஏச ஏச நீங்க ஏன் மாமி தட்டிக்கொண்டே நிண்டீங்க?"

இவள் வாசல் நிலையில் சாய்ந்தாள். ஈரச்சீலை உடம்பிலேயே காய்ந்திருந்தது. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று அன்று அவள் சொல்லவில்லை.

"அங்க அவங்க என்னைப் பூட்டிப்போட்டு ஊர்ப்பயணம் போன நேரம், நான் உள்ள இருந்து தட்டுவன். பக்கத்து வீட்டுக்குக் கேக்கட்டும் எண்டு தட்டுவன். ஒருத்தரும் வரல்ல. வராட்டிப் போகட்டும், சத்தம் போடாத எண்டு ஏசக்கூட ஒரு ஆள் இல்ல. ஏசியிருந்தா, ஆள் இருக்கெண்டு நினைச்சுக்கொண்டு கிடந்திருப்பன். அதுதான் உன்னை ஏசப் பண்ணினன் மகள். உன்ட வாய் கேக்கிறமட்டும் எனக்குப் பயமில்ல."

மகள் அழத் தொடங்கினாள். அழுதால் மூச்சு வாங்குமே என்று நான் எழும்பினேன். இவள் வாசலில் நின்றபடியே கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள்.

"அழாத. அழுதா எனக்கு இஞ்ச கேக்காது. இப்பவும் ஏசு, நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."